வீமனின் பத்தியம்

நீர்வேலியில் ஒரு நாயைப் பத்தியத்தில் விட்ட முதல் ஆள் ஜெயகௌரிதான். அந்தப் பெருமையை அவளிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. அந்தப் பத்தியத்தில்தான் நாய்க்கு மிச்சமிருந்த மயிரும் கொட்டியது என்பது வேறு விஷயம்.

நாயின் பெயர் வீமன். தில்லைநாதனின் வாழைத்தோட்டத்தில், மொந்தன் வாழைக்குட்டிகளுக்கு நடுவே கண் திறக்காமல் கிடந்தவனை அவர் சாரத்தின் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். பெயர் அவனுடைய வாயைப் பார்த்து வைத்தது. புட்டு, மீன்தலை, பலாக்கொட்டை, ஒருமுறை தில்லைநாதனின் இடதுகால் செருப்பு என்று எதையும் ஒதுக்கமாட்டான். மகள்மார் இருவரும் கலியாணம் முடித்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனபிறகு வீட்டில் இருந்தது புருஷனும் பெண்சாதியும் வீமனும்தான். முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு நேருக்கு நேர் பேச என்ன இருக்கிறது? அவர்கள் வீமன் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"வீமா, கொப்பரிட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு."

"வீமா, கொம்மாட்டைச் சொல்லு, வாழைக்குத் தண்ணி மாறிப்போட்டு வாறன் எண்டு."

வீமன் இரண்டு பக்கமும் வாலை ஆட்டுவான். குடும்பம் நடந்தது.

கந்தசஷ்டி முடிந்த கையோடு அவனுக்குச் சொறி தொடங்கியது. முதலில் காது. பிறகு கக்கம், அடிவயிறு, கால்விரல் இடுக்கு. இரவு பகல் இல்லாமல் விறாந்தையில் இருந்து நக்குவதும் சொறிவதும்தான் வேலை. சந்து போன்ற எங்கள் ஒழுங்கை முழுவதும் வைத்தியர்கள் முளைத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: கிரந்தி. எங்கள் பக்கத்தில் உடம்பில் எது சொறிந்தாலும், எது புண்பட்டாலும் அது கிரந்திச் சாப்பாட்டின் வேலைதான். நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி. இந்தப் பட்டியலை எதிர்த்துப் பேசி வென்றவர் இல்லை.

"மீன், இறைச்சி, மச்சம் முழுக்க நிப்பாட்டுறன்," என்றாள் ஜெயகௌரி. "விரதகாரர் மாதிரி இருக்கட்டும். நாலு நாளிலை மாறும்."

அன்றிலிருந்து வீமனுக்குச் சோறு, பருப்பு, பால், மணத்துக்கு, இறைச்சிபோலச் சோயாவில் செய்த சோயாமீற் கறி. அவள் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் வைக்கிற சோயாமீற் இருக்கிறதே, இறைச்சி தின்கிறவர்களே இரண்டாம் தரம் கேட்பார்கள். வீமன் சட்டியை நக்கிய நக்கில் சட்டி கழுவத் தேவை இருக்கவில்லை.

இந்தச் செய்தி பக்கத்து வளவு அருளம்பலத்தாருக்கு அமிர்தமாக இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்ந்த மனிதர். ஒழுங்கை முகப்பில் இருக்கும் ஞானவைரவர் கோயிலுக்குத் தலைவர். கோயிலில் எத்தனையோ வேலை இருந்தாலும் அவருக்குப் பிடித்தது மைக்தான். அதைக் கையில் எடுத்தால் ஐயர் பூசையை முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"வைரவரின்ரை வாகனமெல்லே! சைவமாய் இருக்கிறதுதான் அழகு," என்று அவர் வேலிக்கு மேலால் வீமனைப் பார்த்துக் கும்பிடாக்குறையாகச் சொன்னார். "உந்த ஒழுங்கையிலை மனிசரே உப்பிடி இல்லை."

சைவ நாய் என்ற பெயர் வந்தது. மயிர் போனது. மாசி மாதத்தில் வீமனைப் பார்த்த மீன்காரர் அவனை வேறு நாய் என்று நினைத்துத் துரத்தினார். தில்லைநாதனுக்கு அன்றைக்குத்தான் பொறுக்க முடியவில்லை. ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனார்.

வைத்தியர் சாருஜா, வட்டுக்கோட்டைப் பிள்ளை, படித்து முடித்து வந்து அதிக காலம் ஆகவில்லை. முதலில் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்து தந்தாள். பூச்சி இல்லை, சொறி மட்டும் நின்றபாடில்லை. வைகாசியில் ஒருநாள் இருவரையும் இருக்கச் சொன்னாள்.

"ஐயா, எனக்குச் சாப்பாட்டிலைதான் சந்தேகம். எந்தச் சாப்பாடு எண்டு ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லேலாது. ஒரே வழி இருக்கு. இரண்டு மாசத்துக்கு ஒரு இறைச்சி, ஒரு கிழங்கு. வேறை ஒண்டும் வாயிலை படக்கூடாது. அந்த இறைச்சி இவர் முந்தி ஒருநாளும் தின்னாததாய் இருக்கவேணும். பழக்கமில்லாத சாமானோடை உடம்பு சண்டை பிடிக்காது. சொறி அடங்கினால் பழைய சாமானுகளை ஒண்டொண்டாய்க் குடுத்துப் பாப்பம். கள்ளன் பிடிபடுவான்."

"கிழங்குக்கு வத்தாளங்கிழங்கு குடுக்கலாம், அது தின்னேல்லை," என்றாள் ஜெயகௌரி.

"நல்லது. கோழி?"

"தின்னிருக்கிறான்."

"ஆடு?"

"எலும்போடை."

"மீன், கணவாய் எல்லாம்..."

"கேக்கவே வேண்டாம் பிள்ளை."

"தாரா?"

"போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஆற்றையோ வீட்டுத் தாரா ஒண்டைப் பிடிச்சுப்போட்டான். சண்டையும் வந்தது."

"முயல்?"

தில்லைநாதன் தலை குனிந்தார். "அதுவும் அவனே பிடிச்சதுதான்."

"பன்றி?"

"தோட்டத்திலை வேலைக்கு வந்த பெடியள் ஒருக்கால் காய்ச்சினவங்கள்," என்றார் அவர், மனைவியைப் பார்க்காமல். "சட்டி கழுவினது வீமன்."

"அது எனக்குத் தெரியாது," என்றாள் ஜெயகௌரி, அவரை நன்றாகப் பார்த்து.

சாருஜா பேனையை மேசையில் வைத்தாள். தில்லைநாதனின் நெற்றியில் மூன்று குறித் திருநீறு பளிச்சென்று இருந்தது. "நானும் சைவப் பிள்ளைதான் ஐயா, கோவிக்காதேங்கோ," என்றாள். "மிச்சமாய் ஒண்டுதான் கிடக்கு."

சுவரில் பால் உற்பத்தி பற்றிய படம் ஒன்று தொங்கியது. நல்ல சிவப்புப் பசு, கன்றோடு நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். வீமன் மட்டும் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

ஓட்டோவில் வரும்போது ஜெயகௌரி ஒரே வார்த்தையில் முடித்தாள். "என்ரை குசினிக்குள்ளை அந்தச் சாமான் வராது."

அன்றிலிருந்து அதற்கு அந்த வீட்டில் அந்தச் சாமான் என்றுதான் பெயர்.

அந்தச் சாமானுக்கு வழி பக்கீர். யாழ்ப்பாணம் டவுனிலிருந்து சின்ன லொறியில் வந்து நீர்வேலியில் வாழைக்குலை எடுக்கிறவர். தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது சிறுவனாக உடுத்த உடுப்போடு போய்ப் புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் திரும்பி வந்த ஆள். தில்லைநாதன் கப்பல் வாழைக்குலைகளை வெட்டித் தோளில் வைத்துக் கொண்டுவந்து லொறியடியில் இறக்கினார். குலையை வாழைச்சருகில் பதமாகச் சாய்த்தார். சுற்றி வளைத்தார். சோளகக் காற்று இந்த வருஷம் கடுமை என்றார். முண்டு கொடுத்தும் மரம் சரிகிறது என்றார். கடைசியில் விஷயத்தைச் சொன்னார்.

பக்கீர் லொறியில் சாய்ந்து நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தில்லையண்ணை, எங்களைப் போகச் சொல்லேக்கை எங்கடை சட்டிபானையைக்கூட எடுக்க விடேல்லை. இப்ப நீர்வேலிச் சைவக்காரர் என்ரை லொறியைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், நாய்க்கு இறைச்சிக்கு. அல்லாவின்ரை கணக்கைப் பாத்தியளே!"

தில்லைநாதன் குனிந்து சருகைச் சரிசெய்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. நாயைப் பற்றிய வெட்கமில்லை அது.

"சும்மா பகிடிக்குச் சொன்னனான் அண்ணை," என்று பக்கீர் அவர் தோளைத் தட்டினார். "தொடையிலை கொழுப்பில்லாமல் வெட்டிக்கொண்டு வாறன். ஆனால் ஒண்டு. உவன் என்னை நக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ. நக்கினால் பேந்து மண் போட்டு ஏழுதரம் கழுவவேணும். எனக்குத் தொழுகைக்குப் பிந்திப்போம்."

இப்படித்தான் தோட்டத்துக் கடைசியில், பம்புக் கொட்டிலுக்குப் பின்னால், மூன்று கல் வைத்து ஒரு அடுப்பு உண்டானது. பழைய அலுமினியச் சட்டி ஒன்றை ஜெயகௌரி தந்தாள். தந்துவிட்டு, அது இனி வீட்டுக்கு வரக்கூடாது என்றாள். சமையல் தில்லைநாதன். வாழ்நாளில் தேத்தண்ணிகூட ஊற்றியறியாத மனிதர். மூக்கைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, அகப்பைக்குப் பதிலாக வாழைப்பட்டை சுற்றிய தடியொன்றால் கிண்டுவார். உப்பில்லை, மஞ்சளில்லை, ஒன்றுமில்லை. பக்கீர் ஒருநாள் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ அண்ணை! ஒரு உள்ளிப்பல்லாவது போடக்கூடாதே? நல்ல இறைச்சியை இப்பிடிச் சாகடிக்கிறியளே."

"டொக்டர் பிள்ளை கண்டிப்பாய்ச் சொன்னது. உள்ளி நாய்க்குக் கூடாதாம்."

"நாய்க்குக் கூடாது, சரி. மணத்துக்கு ஒருக்கால் சட்டிக்கு மேலாலையாவது காட்டுங்கோவன்."

வீமனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவித்த இறைச்சியையும் மசித்த வத்தாளங்கிழங்கையும் கண்ட முதல்நாளே அவனுக்குத் தன் பிறவிப்பயன் விளங்கிவிட்டது. பக்கீரின் லொறிச் சத்தம் பிரதான வீதியில் கேட்கும்போதே எழும்பிவிடுவான். தில்லைநாதன் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, தூரத்தில் நின்று பக்கீரை வணங்குவதுபோல முன்னங்காலை நீட்டுவான். பக்கீரும் தூரத்தில் நின்றே நலம் விசாரிப்பார். மூன்றாம் கிழமையில் சொறிவது குறைந்தது. காதுக்குள் சிவப்பு மாறியது. முதுகில் பூனைமயிர்போல மெல்லிய மயிர் வந்தது. ஜெயகௌரி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பிறகு கையை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள்.

இத்தனையும் ஒழுங்காக நடந்திருக்கும், காற்று மட்டும் வேறு பக்கம் வீசியிருந்தால். சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். பம்புக் கொட்டிலுக்கு வடகிழக்கில் அருளம்பலத்தாரின் வீட்டு யன்னல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சால்வையோடு வந்தார். வழமையாக வேலிக்கு மேலால் பேசுகிறவர் படலையைத் திறந்து வந்தது நல்ல சகுனமாக இருக்கவில்லை.

"தில்லை, என்ன உங்கடை தோட்டத்துக்குள்ளை... அது... காய்ச்சுறியளாம்?"

"ஓம் அண்ணை. நாய்க்கு. மருந்து மாதிரி."

"மருந்தோ! வைரவரின்ரை வாகனத்துக்கு... அந்த வாயில்லாச் சீவனின்ரை வாயிலை... அந்தப் பேரை நான் என்ரை நாக்காலை சொல்லமாட்டன்!" அவருக்குக் குரல் நடுங்கியது. நடிப்பில்லை. உண்மையிலேயே மனம் நொந்திருந்தார். "ஆடியிலை திருவிழா. ஆறாம் திருவிழா கொப்பர் காலத்திலையிருந்து உங்கடை உபயம். அந்த அடுப்பு எரியிற வளவிலையிருந்து வைரவருக்கு உபயம் எடுக்கேலாது எண்டு சபையிலை கதைக்கினம். ஒண்டில் அடுப்பை அணையுங்கோ. இல்லாட்டில் ஆறாம் திருவிழாவை வேறை ஆருக்கும் மாத்தவேண்டி வரும்."

சபையில் கதைக்கினம் என்றால் அருளம்பலத்தார் கதைத்தார் என்று அர்த்தம். அது தில்லைநாதனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் இடிந்துபோனார். தகப்பன் சாகும்போது சொத்து என்று கொடுத்ததில் தோட்டம் பாதி, அந்தத் திருவிழா பாதி. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் கிடந்த வருஷத்தில்கூட ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி ஆறாம் திருவிழா செய்தவர். அன்றைக்கு முழுக்க வாழைக்குத் தண்ணீர் மாறுகிறேன் என்று ஒரே பாத்தியில் நின்றார். பாத்தி குளமானது.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது ஜெயகௌரி புட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தாள். வீமனைப் பார்த்துப் பேசவில்லை. நேராக அவரைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. என்ன யோசிக்கிறியள்?"

"அடுப்பை அணைப்பமே எண்டுதான்... திருவிழா முடிய மறுபடி..."

"இடையிலை விட்டால் முதலிலையிருந்து தொடங்கவேணும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லே? பழையபடி உரிச்ச கோழி மாதிரி நிக்கிறதோ?" அவள் புட்டின் மேல் சம்பலை அழுத்தி வைத்தாள். "திருவிழாவை ஆருக்கும் குடுங்கோ. வைரவருக்கு உபயம் செய்ய ஆயிரம் பேர். வீமனுக்கு நாங்கள் இரண்டுபேர்தான்."

"நீயே சொல்லுறாய்? குசினிக்குள்ளை விடமாட்டன் எண்ட ஆள்!"

"இப்பவும் விடமாட்டன்தான். அது வேறை, இது வேறை."

அவர் அடுத்தநாள் போய் அருளம்பலத்தாரிடம் சொல்லிவிட்டார். டொக்டர் சொன்ன இரண்டு மாதமும் முடியாமல் அடுப்பு அணையாது, திருவிழா உங்கள் இஷ்டம் என்று. சொல்லிவிட்டு வந்து கிணற்றடியில் முகம் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார்.

இவ்வளவு தியாகமும் செய்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் வீமன் காதைச் சொறிந்தான்.

ஞாயிறு கக்கத்தைச் சொறிந்தான். திங்கள் சற்று அடங்கியது. புதன் திரும்பவும் தொடங்கியது. கால்விரல் இடுக்கெல்லாம் சிவந்து, வந்த பூனைமயிர் உதிர்ந்தது. வீட்டில் சண்டை வெடித்தது.

"நீதான் களவாய் என்னவோ குடுக்கிறாய். பாவம் பாத்து."

"நானோ? பன்றிச் சட்டியைக் கழுவக் குடுத்த ஆள் கதைக்கிறார்!"

"அது போன வருசம்!"

"எனக்கு இந்த வருசம்தானே தெரியும்!"

ஒருவரை ஒருவர் நம்பாமல் இருவரும் காவலிருந்தார்கள். அவர் பம்புக் கொட்டிலுக்குப் பின்னால், அவள் கோழிக்கூட்டுக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரெல்லாம் சாப்பிட்டுச் சரிகிற நேரம். தோட்டத்துக்குள் வறண்ட காற்று மட்டும் வாழையிலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. வீமன் எழும்பி, சோம்பல் முறித்து, தெரிந்த இடத்துக்குப் போகிறவன்போல வடக்கு வேலிப்பக்கம் போனான். வேலியில் ஒரு பொட்டு, சின்ன ஓட்டை, இருந்தது. நாய் போக முடியாது, கை வரலாம்.

கை வந்தது. வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் பொத்திப் பிடித்த கை. நவரத்தின மோதிரம் போட்ட கை.

"தின்னடா என்ரை ராசா," என்றது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். மைக்கில் கேட்ட குரல்தான். ஆனால் இவ்வளவு மெதுவாக அது பேசும் என்று யாரும் அறிந்ததில்லை. "பாவியள் உன்னை என்ன கோலமாக்கிப் போட்டாங்கள். சைவமாய் இருந்த பிள்ளை. இந்தப் பிடி சோறெண்டாலும் உள்ளை போனால் பாவம் கழியும்."

ஜெயகௌரி கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்த வேகத்தை அவளுடைய மூட்டுவலிக்கு மருந்து கொடுக்கிற வைத்தியர் பார்த்திருந்தால் அசந்திருப்பார். கையை மணிக்கட்டோடு பிடித்துவிட்டாள்.

"அருளண்ணை!"

"விடு பிள்ளை! மோதிரம் மோதிரம்!"

"என்ன குடுத்தனீங்கள்? சொல்லுங்கோ, சொன்னால்தான் விடுவன்!"

தில்லைநாதன் மறுபக்கம் சுற்றி ஓடினார். அங்கே கோயில் தலைவர் வேலியோடு ஒட்டிக் குந்தியிருந்தார், ஒரு கை இந்த வளவில், மீதி ஆள் அந்த வளவில். கோபத்தில் போன தில்லைநாதனுக்கு அந்தக் கோலத்தைக் கண்டதும் கோபம் பாதி போய்விட்டது. நேராகச் சாருஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

"ஐயா, கோவத்தை விடுங்கோ," என்றாள் அவள். "அவரிட்டைக் கேளுங்கோ, எந்தெந்த நாள் என்ன குடுத்தவர் எண்டு. அதுதான் முக்கியம்."

விசாரணை வேலிக்கு இரு பக்கமும் நடந்தது. முதல் இரண்டு கிழமை வெறும் சோறும் பருப்பும் கொடுத்தாராம். தன் கோப்பையிலிருந்து எடுத்து வைத்தது. வேறு நாளில் பால்சோறும் கொடுத்திருக்கிறார்.

"அப்ப சொறியேல்லையே!" என்றாள் ஜெயகௌரி.

"போன வெள்ளியிலையிருந்துதான் கறியும் வைச்சனான். வெள்ளியும் செவ்வாயும். பாவம், இறைச்சி கேக்கிற வாய், ஏமாறாமல் இருக்கட்டுமெண்டு..." அருளம்பலத்தார் நிறுத்தினார்.

"என்ன கறி?"

வேலிக்கு அப்பால் குசினியிலிருந்து அவருடைய மனைவி இரத்தினம்மாவின் குரல் வந்தது. "சோயாமீற்! என்ரை பங்கையும் சேத்துக் கொண்டு போறவர். நான் வெறும் குழம்போடை சாப்பிடுறன்!"

ஜெயகௌரி கையை விட்டுவிட்டாள். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் தான் வைத்த சோயாமீற், கந்தசஷ்டி ஆறு நாளும் வைத்த சோயாமீற், பத்தியம் என்று மாதக்கணக்காக நாள்தோறும் வைத்த சோயாமீற் எல்லாம் அவள் கண்முன்னால் வந்தன. வேலியடியிலேயே இருந்துவிட்டாள். "நானெல்லே அவனை உரிச்சனான்," என்றாள்.

"நானும்தான்," என்றார் வேலிக்கு அப்பாலிருந்து அருளம்பலத்தார்.

சாருஜா அப்படி உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை. பழையபடி இறைச்சியும் கிழங்கும் மட்டும் கொடுத்து அடங்கவிடச் சொன்னாள். அடங்கியது. பிறகு ஒருநாள் சோயாமீற் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஜெயகௌரியே அழுதுகொண்டு கொடுத்தாள். மறுநாள் காது சிவந்தது. கள்ளன் பிடிபட்டான். இனி மற்றச் சாமான்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அந்தச் சாமான்தான் சாப்பாடு என்றாள்.

அருளம்பலத்தார் ஒரு கிழமை வெளியே தலைகாட்டவில்லை. பிறகு படலையால் வந்தார், கையில் ஒரு சீப்பு கதலியோடு. வாழைத் தோட்டக்காரனுக்கு வாழைப்பழம் கொண்டுவரும் அளவுக்கு மனிதர் குழம்பியிருந்தார்.

"ஆறாம் திருவிழா உங்கடைதான் தில்லை. சபையிலை கதைச்சு முடிச்சிட்டன். ஒண்டே ஒண்டு. அண்டைக்கு அந்த அடுப்பு எரியக்கூடாது. அந்தப் பேர் ஒருத்தரின்ரை வாயிலையும் வரக்கூடாது. கோயில் மரியாதை."

அடுப்புப் பிரச்சினையைப் பக்கீர் தீர்த்தார். "உபயம் உங்கடை, அண்டைக்கு அடுப்பு என்ரை," என்றார். வீட்டிலேயே அவித்து, மூடி இறுக்கிய பேணியில் கொண்டுவந்து முதல்நாளே தந்துவிட்டார். ஒரு உள்ளிப்பல்லும் போடவில்லை என்று சத்தியம் பண்ணினார். அவ்வளவு வருத்தத்தோடு ஒருவர் சத்தியம் பண்ணி நான் கண்டதில்லை.

ஆறாம் திருவிழா நன்றாக நடந்தது. தில்லைநாதன் பட்டுவேட்டியோடு சங்கற்பத்துக்கு இருந்தார். வைரவருக்கு வடைமாலை சாத்தி, மத்தியானம் அன்னதானம். கோயில் வெளி நிறைய இலை. அருளம்பலத்தார் மைக்கை எடுத்துவிட்டார். பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஒன்று கோப்பாய்ப் பக்கம் பார்த்தது, மற்றது சந்தியைப் பார்த்தது.

"அடியார்களே! இன்றைய ஆறாம் திருவிழா உபயகாரர் திரு தில்லைநாதன் குடும்பத்தினர் சார்பிலே, ஞானவைரவப் பெருமானின் திருவருளை முன்னிட்டு, அறுசுவையோடும் கூடிய..."

அந்த நேரம் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்த வீமன், பளபளவென்று புது மயிரோடு, எச்சில் இலை போடுகிற மூலையில் நின்றான். மானிப்பாய்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அவன் கதை தெரியாது. அழகான நாய் என்று தன் இலையிலிருந்த சோயாமீற் துண்டொன்றை எடுத்து நீட்டினாள்.

"ஏய் பிள்ளை!" என்று பனைமரம் அலறியது. "குடாதை! குடாதை! வீமனுக்குச் சோயாமீற் ஆகாது! அவன் மாட்டிறைச்சி மட்டும்தான் தின்னுறவன்! பக்கீர் அவிச்சுத் தந்த மாட்டிறைச்சி தில்லை வீட்டிலை பேணிக்குள்ளை கிடக்கு! மாட்டிறைச்சி! மாட்டிறைச்சியைத் தவிர ஒண்டும் குடாதை!"

மாட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்று சந்திப் பக்கத்து ஒலிபெருக்கி ஒரு கணம் பிந்திச் சொன்னது. சோற்றுக்கு நீண்ட கைகளெல்லாம் அப்படியே நின்றன. ஐயர் மணியை ஆட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அருளம்பலத்தார் மட்டும் இன்னும் வீமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவன் துண்டை விட்டுத் திரும்பும்வரை. திரும்பியதும் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சும் கோப்பாய் வரை கேட்டிருக்கும்.

முதலில் சிரித்தது ஜெயகௌரிதான். பரிமாறுகிற அகப்பையை ஊன்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு காலடியில் வந்து நின்ற வீமனைக் குனிந்து தடவினாள்.

"வீமா, தலைவரிட்டைச் சொல்லு," என்றாள், "மைக் இன்னும் நிப்பாட்டேல்லை எண்டு."